திருவனந்தபுரத்தில் இரண்டு மணி நேரம்: எங்கே உட்காருவது, என்ன சாப்பிடுவது

தென்காசியிலிருந்து அப்பாவை அழைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஆறு வாரக் கதிர்வீச்சுச் சிகிச்சை, மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் லாட்ஜ். மதியம் அவர் தூங்கும்போது உங்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. இந்த ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அமைதியாக உட்கார ஓர் இடமும், தெருவில் நம்பிச் சாப்பிட நாலு பண்டமும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கோவளம் போங்கள், பூவார் போங்கள் என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அது இல்லை என்று நினைக்கிறேன். போன் அடித்தால் அரை மணி நேரத்தில் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். தனியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள நீங்கள் ஒருவர்தான் என்பதால் வயிறும் கெடக் கூடாது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் சாலை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். தாத்தா கோட்டாறிலிருந்து இங்கே வந்தபோது நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தாத்தா கடையை மூடவில்லை, அவ்வளவுதான். சாலையில் இன்றும் தமிழிலேயே விலை பேசி, தமிழிலேயே சண்டை போட்டு, சாமான் வாங்கிக்கொண்டு போகலாம். எங்கள் கடைக்கு உளுந்தும் கடலை மாவும் எண்ணெயும் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் தட்டுக்கடைக்காரர்கள், அதாவது ராத்திரியில் ரோட்டோரத்தில் சாப்பாட்டுக் கடை போடுகிறவர்கள். இருபத்தேழு வருடமாக அவர்களுக்குச் சாமான் நிறுத்துக் கொடுத்ததில் வந்த அறிவுதான் கீழே இருப்பது. என் கால் நடந்த எல்லை கிழக்கேகோட்டையிலிருந்து மெடிக்கல் காலேஜ் வரை. கழக்கூட்டம், டெக்னோபார்க் பக்கத்துப் புதுக் கடைகளைப் பற்றி என்னைவிட அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் நன்றாகச் சொல்வார்கள்.

முதலில் இந்த ஊரின் இரைச்சலைப் பற்றி. இது சர்க்கார் ஆபீஸ் ஊர். ஆபீஸ் 10.15க்குத் தொடங்கி 5.15க்கு முடியும். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் எம்.ஜி. ரோடும் பட்டமும் கேசவதாசபுரமும் மூச்சுவிடாது. பதினொரு மணிக்கு மேல் செக்ரட்டேரியட் முன்னால் ஏதாவது ஒரு ஊர்வலம் வந்து நிற்கும். பஸ் பாளையத்திலேயே முடங்கும். ஆனால் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஊர் கண்ணயரும். சாலையில்கூட அந்நேரம் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கும் முதலாளிகளைப் பார்க்கலாம், நானும் அதில் ஒருவன். உங்களுக்குக் கிடைத்திருப்பது சரியாக அந்த நேரம். ஆகவே அமைதியான இடம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை; சாயங்காலம் கூட்டம் நெரியும் இடமே மதியம் உங்களுக்குப் போதும்.

அப்படி நான் முதலில் சொல்வது பாளையத்தில் இருக்கும் ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி. 1829இல் தொடங்கியது, நாட்டின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று. சிவப்புக் கட்டடம், உயர்ந்த கூரை, மரமேசை. பத்திரிகை படிக்கும் பகுதியில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் பேப்பரை மடிக்கும் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. இங்கே தனியாக ஒரு பெண் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்; பரீட்சைக்குப் படிக்கும் பெண்கள் அப்படித்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், பாளையத்திலேயே, கணபதி கோவிலும் பள்ளிவாசலும் செயின்ட் ஜோசப் தேவாலயமும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. மனசு கனத்துப்போன நாளில் தேவாலயத்தின் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். பூசை நேரம் இல்லாவிட்டால் ஆள் இருக்காது, எந்த மதம் என்று கேட்க யாரும் வர மாட்டார்கள். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். பட்டை பட்டையாகத் திருநீறு பூசியிருந்தேன்.

அடுத்தது மியூசியம் வளாகம். ராபர்ட் சிஸோம் வடிவமைத்து 1880இல் கட்டி முடித்த அந்தச் சிவப்பு மாளிகையை எல்லோரும் வெளியில் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். காலையிலும் மாலையிலும் ஊரே அங்கே நடைப்பயிற்சி செய்யும், அப்போது போகாதீர்கள். வேலைநாள் மதியத்தில் மரத்தடி பெஞ்சுகள் காலியாக இருக்கும். வெயில் மரத்தின் உச்சியில்தான் அடிக்கும், கீழே வராது. ரவி வர்மாவின் ஓவியங்களும் ஸ்ரீ சித்ரா கலைக்கூடமும் அதே வளாகத்தில்தான். திங்கட்கிழமை மாளிகையும் கலைக்கூடமும் மூடியிருக்கும், அன்றைக்கு லைப்ரரி பக்கம் போய்க்கொள்ளுங்கள்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சுருள் கோபுரம் மாதிரி ஒரு கட்டடம் நிற்கும். லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். ஊரின் உச்சக்கட்ட இரைச்சல் அந்த இடம்தான், ரயில்வே ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் எதிரெதிரே. ஆனால் உள்ளே நுழைந்து சரிவில் ஒரு சுற்று மேலே ஏறினால் சத்தம் பாதியாகிவிடும். தரையே சுழன்று சுழன்று ஏறுகிறது, வெளிச்சுவரை ஒட்டி மேசையும் பெஞ்சும் கட்டியிருக்கிறார்கள், சுவரில் சல்லடை மாதிரி இடைவெளி விட்டு செங்கல் அடுக்கியிருக்கிறது. அதன் வழியாகக் காற்றும் வெளிச்சமும் வரும். தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் சுருள் ஏறி வந்து காபி வைத்துவிட்டுப் போவார், நீங்கள் எழுந்திருக்கும் வரை பில்லோடு நிற்க மாட்டார். மசால் தோசைக்குள் பீட்ரூட் போட்டுச் சிவப்பாக இருக்கும். முதல் தடவை பார்த்தால் பயம் வரும். சுவை பழகிக்கொள்ள வேண்டியதுதான், எனக்கு இருபத்தேழு வருடமாகியும் முழுசாகப் பழகவில்லை. கட்லெட் நன்றாக இருக்கும்.

கோட்டைக்குள் வர நேரம் இருந்தால் குதிரமாளிகை. சுவாதித் திருநாள் கட்டிய அரண்மனை, கூரைக்குக் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள். பத்மநாபசுவாமி கோவில் வாசலில் நெரிசலில் நசுங்கிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூடப் பக்கத்துச் சந்தில் இதற்குள் நுழைவதில்லை. மதிய இடைவேளைக்கு மூடுவார்கள், மூன்று மணிக்கு மேல் போங்கள். ஜனவரியில் இருந்தால் அந்த முற்றத்தில் சாயங்காலக் கச்சேரிகள் நடக்கும், இலவசம்.

எனக்குப் பிடித்தது வலியசாலை. எங்கள் கடையிலிருந்து பத்து நிமிஷ நடை. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி ஓட்டு வீடுகள், நீளமான அக்கிரகாரத் தெரு, கோடியில் கோவில். வீடுகள் ஒவ்வொன்றாகக் கான்கிரீட் ஆகிக்கொண்டிருக்கின்றன, ஆனாலும் மதியம் அங்கே நடந்தால் ஏதாவது ஒரு வீட்டுக்குள்ளிருந்து தமிழில் பேச்சுக் கேட்கும். இராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' இந்த இடம்தான் என்று கோவில் பெயரிலேயே காந்தளூரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இராஜராஜன் அப்படிச் சொல்லிக்கொண்டது உறுதி, கல்வெட்டில் இருக்கிறது. அந்தச் சாலை இதுதானா, 'கலம்' என்பது கப்பலா, உண்கலமா, வேறு ஏதாவதா என்பதெல்லாம் அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்ளும் விஷயம். எங்கள் தெருக்காரர்கள் யாராவது அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். இப்போதுள்ள சாலை பஜாரை உருவாக்கியவர் திவான் ராஜா கேசவதாஸ், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். அதில் சண்டை கிடையாது.

தம்பியோ அண்ணனோ வந்து ஒரு நாள் காலையில் உங்களை விடுவித்தால் வெள்ளாயணிக் காயலுக்கு, புஞ்சக்கரி வயல் பக்கமாக விடியும் முன் போய்விடுங்கள். தாமரையும் கொக்கும் நாரையும் இருக்கும், ஏழு மணிக்கு மேல் செல்பி எடுக்க வருகிறவர்களும் இருப்பார்கள். சங்குமுகம் கடற்கரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கானாயி குஞ்ஞிராமனின் 35 மீட்டர் நீள ஜலகன்னிகைச் சிற்பத்தைப் பார்க்கப் போகலாம். அமைதிக்காகப் போக வேண்டாம். நான் சின்ன வயதில் ஓடி விளையாடிய மணல் பரப்பைக் கடல் பெருமளவு தின்றுவிட்டது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் நாலு வார்த்தை. இங்கே 'கறி' என்றால் குழம்பு வகை எதுவும், காய்கறிக் குழம்பும் கறிதான். 'எந்தா கறி?' என்று பரிமாறுகிறவர் கேட்டதற்கு சைவக்காரர் ஒருவர் பயந்துபோய் எழுந்து ஓடியதைப் பார்த்திருக்கிறேன். 'கடி' என்றால் டீயோடு கடித்துக்கொள்ளும் பலகாரம். டீக்கடையில் 'கடி எந்தெங்கிலும்?' என்று கேட்டால் முறைக்காதீர்கள். பால் இல்லாத டீ 'கட்டன்', சர்க்கரை இல்லாதது 'வித்தவுட்'. சாப்பிட உட்கார்ந்ததும் இளஞ்சிவப்பாக ஒரு தண்ணீர் வைப்பார்கள், சாயம் இல்லை, பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் காய்ச்சியது. அது நன்றாகச் சூடாக இருந்தால் குடியுங்கள். பெரும்பாலும் காய்ச்சியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மஞ்சள்காமாலை தண்ணீர் வழியாகப் பரவுவதால் கேரளத்தில் இந்தக் காய்ச்சிய தண்ணீர்ப் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஆறிப்போயிருந்தால் 'சூடு வெள்ளம்' என்று கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதில் எனக்கே பட்ட ஓர் அனுபவம் உண்டு. போன கோடைக்கு முந்தின கோடையில் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வண்டியில் குலுக்கிச் சர்பத் குடித்தேன். நன்னாரி நல்ல நன்னாரி, எலுமிச்சை நல்ல எலுமிச்சை, எங்கள் கடையில் வாங்கிய சர்க்கரை. ஐஸ் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. நாலு நாள் படுத்துக் கிடந்தேன். அதிலிருந்து தெருவில் ஐஸ் போட்ட எதையும் தொடுவதில்லை. பழச் சர்பத் என்று வாழைப்பழத்தைப் பிசைந்து நன்னாரி ஊற்றித் தருவார்கள், இந்த ஊருக்கே உரிய ருசி, அதையும் ஐஸ் இல்லாமல் கேட்டு, என் கண்முன்னால் பழம் உரித்தால்தான் வாங்குகிறேன்.

டீக்கடைக் கடிகளில் ஏத்தக்கா அப்பம், நாகர்கோவிலில் பழ பஜ்ஜி என்போமே, அதுதான். அப்புறம் பருப்பு வடை, சுகியன், உள்ளி வடை. மூன்றரை மணிக்கு முதல் ஈடு வாணலியில் விழும், அந்நேரம் போய் நில்லுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து இருப்பதை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். வாணலியைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். எண்ணெய் தெளிவாக இருந்து, போட்ட பண்டத்தைச் சுற்றி மட்டும் குமிழ் வந்தால் நல்லது. முழு வாணலியும் நுரைத்துக்கொண்டு, ஓரத்தில் கறுப்பு வளையம் கட்டியிருந்தால் அது பழைய எண்ணெயில் புதுசு ஊற்றிக்கொண்டே போகிறவன் கடை. எங்களிடம் சாமான் வாங்குவதிலும் இது தெரிந்துவிடும். ஒழுங்காகக் கடை நடத்துகிறவர் கூட்டத்துக்குத் தக்கபடி மாவோடு எண்ணெயும் கூட்டியோ குறைத்தோ தினம் வாங்குவார். மாவு மட்டும் கூடிக்கொண்டே போய் எண்ணெய் கூடவில்லை என்றால் நான் அந்தக் கடையில் சாப்பிடுவதில்லை. அவரிடம் சொன்னதும் இல்லை, கணக்கு பாக்கி இருக்கும்.

தட்டுக்கடை இரவு ஏழுக்கு மேல்தான். எந்த மூலையில் எந்தக் கடை என்று நான் எழுதவில்லை, எழுதினால் நீங்கள் போய்ச் சேரும்போது கார்ப்பரேஷன்காரர்கள் அதை அடுத்த தெருவுக்குத் தள்ளியிருப்பார்கள். ஆட்டோக்காரர்களும் நீலச் சட்டை சுமட்டுத் தொழிலாளிகளும் நின்று சாப்பிடும் கடையாகப் பாருங்கள்; அவர்கள் மறுநாளும் மூட்டை தூக்க வேண்டியவர்கள், வயிற்றோடு விளையாட மாட்டார்கள். தட்டு தோசை நம்மூர்த் தோசை மாதிரி விரிக்கப்படுவதில்லை. கரண்டி மாவைக் கல்லில் விட்டு, கரண்டியின் அடியால் ஒரே சுற்று. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசாக, நடுவில் மெத்தென்று. ஒரே கல்லில் ஆறேழு. எங்களிடம் உளுந்து வாங்கும் ஒருவர் இருக்கிறார், மனைவி மாவு அரைத்துக் கொடுக்க இவர் சுடுவார். சீட்டு எழுத மாட்டார். பத்துப் பேர் சுற்றி நின்று தோசையும் ரசவடையும் இரட்டை ஆம்லெட்டும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், கை கழுவிவிட்டு வரும் ஆளைப் பார்த்ததும் தொகையைச் சொல்வார். ஒருநாள் சோதித்துப் பார்க்க ஒரு தோசையைக் குறைத்துச் சொன்னேன். கல்லைப் பார்த்துக்கொண்டே, 'அண்ணாச்சி, ரண்டாமத்த பிளேட்டில ஒண்ணு கூடுதல் இட்டதாணு' என்றார்.

ரசவடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பருப்பு வடையைச் சுடச்சுட ரசத்தில் போட்டு ஊறவிட்டு, தோசையோடு தொட்டுக்கொள்ளத் தருவார்கள். உளுந்து வடை இல்லை, பருப்பு வடை. பெண்கள் தட்டுக்கடைக்கு வருகிறார்களா என்றால், குடும்பமாகவும் சிநேகிதிகளோடும் நிறைய வருகிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் தனியாக நிற்பது சங்கடமாகத்தான் இருக்கும் என்று என் மகள் சொல்கிறாள். ஏழரைக்குப் போய் பார்சல் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மெடிக்கல் காலேஜ் சந்திப்பைச் சுற்றி அந்நேரம் ஆஸ்பத்திரிக் கூட்டமே சாப்பிட்டுக்கொண்டிருக்கும், அங்கே நீங்கள் தனியாள் ஆக மாட்டீர்கள்.

அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் சாலைக்குள் கெத்தேல் என்று எல்லோரும் சொல்லும் ரஹ்மானியா இருக்கிறது. பெயர் ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். சின்னக் கோழியைப் பொரித்து, மேலே மொறுமொறுவென்று மசாலாத் தூளை அள்ளிப் போட்டுத் தருவார்கள், கூடச் சப்பாத்தியும் ஒரு சின்ன டம்ளர் எலுமிச்சைச் சாறும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போகாதீர்கள். வேறு ஒரு பெயர்பெற்ற பிரியாணிக் கடையில் மைத்துனரை அழைத்துக்கொண்டு ஞாயிறு எட்டு மணிக்குப் போய் ஒன்றே கால் மணி நேரம் நின்றேன். உட்கார்ந்ததும் தீர்ந்துவிட்டது என்றார்கள். வேலைநாள் மதியம் பன்னிரண்டரை, அதுதான் கணக்கு.

போளிக்கு வருகிறேன், இதை நான் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வேன். திருவனந்தபுரத்துக் கல்யாணத்தில் இலையில் போளியை வைத்து, மேலே பால் பாயசம் விட்டு, இரண்டையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவார்கள். வடக்கே கண்ணூர்க்காரரிடம் சொன்னால் சிரிப்பார். இது தமிழ் அக்கிரகாரங்களிலிருந்து வந்த பழக்கம் என்று இங்கே சொல்லிக்கொள்கிறோம். நான் அதை நம்புகிறேன், ஆனால் தமிழன் நம்புவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது. போளி மஞ்சளாக, கைக்குட்டை மாதிரி மடித்து, மாவுத் தூள் ஒட்டியபடி இருக்கும். கடலைப் பருப்புப் பூரணம் உள்ளே இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லிசு. விரித்துப் பிடித்தால் வெளிச்சம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அது வேறு ஊர்ப் போளி. இனிப்புக் கடைகளிலும் வலியசாலை, கரமனை பக்கத்து வீட்டுக் கடைகளிலும் கிடைக்கும். பக்கத்திலேயே கப்பில் பாயசமும் கேட்டு வாங்குங்கள்.

மத்தியானம் மெடிக்கல் காலேஜில் ஒரு வரிசை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பான டிஒய்எப்ஐகாரர்கள் வீடு வீடாகச் சேகரித்த பொதிச்சோற்றைக் கொடுக்கிறார்கள், காசு கிடையாது. வாட்டிய வாழையிலையில் சோறும் தோரன் என்கிற பொரியலும் சம்மந்தி என்கிற துவையலும், சில பொதிகளில் ஆம்லெட்டும் இருக்கும். இலை வாசனை சோற்றில் ஏறியிருக்கும். கூட இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் அது, வெட்கப்பட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்காதீர்கள். நோயாளியோடு வரும் நம் ஊர்க்காரர்கள் பலர் அப்படி ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் சொன்னதெல்லாம் உங்களுக்கு, அப்பாவுக்கு இல்லை. கதிர்வீச்சோ கீமோவோ எடுக்கும்போது எதிர்ப்புச் சக்தி குறையலாம்; தெருப் பண்டம் எதையும் ஆஸ்பத்திரியில் உள்ள உணவு ஆலோசகரைக் கேட்காமல் அவருக்குக் கொடுக்காதீர்கள். எனக்கு மாவும் எண்ணெயும் தெரியும், மருந்து தெரியாது. அவர் கஞ்சிதான் குடிக்கிறார் என்றால் கஞ்சியும் பயறும் என்று பலகை வைத்த கடைகள் இருக்கின்றன, அதையும் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

சில நாள்களை மட்டும் முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றுகால் அம்மன் கோவில் பொங்கால மாசியில், பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். அன்று லட்சக்கணக்கான பெண்கள் ரோட்டிலேயே அடுப்புக் கூட்டிவிடுவார்கள், கோட்டையும் தம்பானூரும் வண்டிக்கு வழி இல்லாமல் போகும். அன்றைக்குச் சிகிச்சை உண்டா, எப்படிப் போவது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பங்குனி, ஐப்பசித் திருவிழாவில் ஆறாட்டு என்கிற கடல் நீராட்டுக்குப் பத்மநாபசுவாமி சங்குமுகத்துக்கு எழுந்தருளும்போது ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் போகும். அந்தச் சில மணி நேரம் விமானமே கிடையாது. ஹர்த்தால் என்று முந்தின நாள் ராத்திரி செய்தி வந்தால் உடனே இறங்கிப் பாலும் ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள். ஆஸ்பத்திரி வண்டியைத் தடுக்க மாட்டார்கள், கடைதான் திறக்காது. பெரிய மழை பெய்தால் தம்பானூரில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அன்று காபி ஹவுஸ் ஆசை வேண்டாம்.

மெடிக்கல் காலேஜிலிருந்து கிழக்கேகோட்டை பஸ் ஏறினால் பாளையம் வழியாகத்தான் பெரும்பாலும் போகும், கண்டக்டரிடம் 'பாளயம் லைப்ரரி' என்றால் போதும், இறக்கிவிடுவார். நாளைக்கு வியாழக்கிழமை, லைப்ரரி, மியூசியம் இரண்டுக்கும் தடையில்லை. இரண்டு மணிக்குக் கிளம்புங்கள், நாலேகாலுக்குள் திரும்பும் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். அதற்கு மேல் ஆனால் உட்கார இடம் கிடைக்காது.